ஒரு காரும் இரண்டு நடுக்கங்களும்

சுபாஜினி செய்த கேக் கொழும்புத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாய்ந்திருந்தது.

புத்தூரில் அவளுடைய குசினியிலிருந்து புறப்படும்போது அது நேராகத்தான் நின்றது. இரண்டு தட்டுக் கேக். கீழ்த்தட்டைச் சுற்றி நீல ஐசிங்கில் கடல், மேல்தட்டில் சீனியால் செய்த ஒரு சின்ன வள்ளம். கடற்தொழில் செய்யும் வீடொன்றில் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். கேக்கைக் காரின் பின் இருக்கையில் வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவதுபோல்தான் ஓட்டிப் போனாள். நீர்வேலி தாண்டிய நல்ல தெருவில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியறிங் வழக்கம்போல் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. அதற்கு அவள் பழகியிருந்தாள். இருபாலைக்குக் கிட்ட ஒரு ஆடு, மற்றப் பக்கத்துப் புல்தான் ருசி என்று திடீரென முடிவெடுத்துக் குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தாள். ஸ்டியறிங் மட்டுமல்ல, காலுக்குக் கீழே பிறேக்கும் சேர்ந்து படபடவென்று அடித்தது. ஆடு தப்பியது. மேல்தட்டு ஒரு விரல் அளவு நகர்ந்து ஒரு பக்கம் சரிந்தது.

அந்த வீட்டு வாசலில் காருக்குள் இருந்தபடியே ஐசிங் தடவும் கத்தியால் தன்னால் ஆனதைச் செய்தாள். வெடிப்பை மறைத்தாள். சரிவை மறைக்க முடியவில்லை. கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையின் தகப்பன் கேக்கை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். வள்ளம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. "சோளகக் காத்துக்கை போற வள்ளம் உப்பிடித்தான் நிக்கும்," என்றார் மனிதர், நல்ல சந்தோசத்தோடு. "எப்பிடி உங்களுக்குத் தெரிஞ்சது?"

சுபாஜினி சிரித்துவைத்தாள். ஒரு துண்டு கேக்கும் ஒரு பை நிறைய இறாலும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. எல்லாக் கேக்கிலும் வள்ளம் வைக்க முடியாது.

அவள் கேக் செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் சொந்தக்காரருக்கு, பிறகு அயலுக்கு, பிறகு தொலைபேசியில் படம் பார்த்துவிட்டு எங்கெங்கோ இருந்து கேட்பவர்களுக்கு. ஓட்டோவில் கேக் கொண்டுபோவது நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுபோல. அதனால்தான் கணவன் பிரவீணன், வெங்காயம் நல்ல விலை போன ஒரு போகத்துக்குப் பிறகு, இந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினான். வெள்ளை நிறம், அவர்களுடைய கலியாணத்தைவிட வயது கூட. எஞ்சின் நல்லது, இருக்கைகள் நல்லது, கதவு சாத்தும் சத்தம்கூட நல்லது. நடுக்கம் ஒன்றுதான் குறை.

அந்தக் குறையைக் கேள்விப்பட்டு உலகத்திலேயே அதிகம் திருப்திப்பட்டவள் தக்சாயினி. பிரவீணனுடைய அக்கா. அதே வளவில், மாமரத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. கணவர் வவுனியாவில் வங்கி வேலை, சனி ஞாயிறில்தான் வருவார். பிள்ளைகள் இரண்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. ஆகவே அயலில் நடப்பதைக் கவனிக்க அவளுக்கு நேரம் இருந்தது. கணவருடைய தம்பி ஒரு காரை விற்க நின்றபோது, அதைத்தான் பிரவீணன் வாங்குவான் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சுபாஜினி அந்தக் காரைப் பார்த்துவிட்டு, பின் இருக்கையில் கேக் வைக்க இடம் போதாது என்று வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்குத் தொடங்கியது. சண்டை இல்லை. மாம்பழமும் கறியும் மதிலில்லாத அந்த வளவுக்குள் வழக்கம்போல் போய்வந்தன. ஆனால் கார் ஒவ்வொருமுறை வெளிக்கிடும்போதும் தக்சாயினி முற்றத்தில் நின்று பார்ப்பாள். திரும்பி வரும்போதும் நிற்பாள்.

"சனிக்கிழமை ஆரும் கார் எடுப்பினமே?" என்று, கார் வீட்டுக்கு வந்த நாளைக் குறித்து அவள் தம்பியிடம் கேட்டது சுபாஜினியின் காதில் விழவேண்டும் என்றுதான் கேட்கப்பட்டது.

கொழும்புத்துறைக் கேக்குக்குப் பிறகு சுபாஜினி காரைத் திருத்தியே தீர்வது என்று முடிவெடுத்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் நான்கு ரயரையும் கழற்றிச் சில்லுகளுக்கு ஈயத்துண்டு வைத்துச் சமநிலை பார்த்தார்கள். முன் சில்லுகளின் கோணத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார்கள். கார் நேராக ஓடியது, நேராக ஓடியபடியே நடுங்கியது. பிறகு அவரங்காலில் கராஜ் வைத்திருக்கும் கதிரவேலுவிடம் போனாள். கதிரவேலு நல்ல வேலைக்காரர், ஆனால் ஒரு நேரத்தில் ஐந்து கார் பார்ப்பவர். காரின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியறிங்கோடு சில்லை இணைக்கிற தண்டின் முனை தேய்ந்துபோய்விட்டது, அதுதான் என்றார். மாற்றினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஸ்டியறிங் மறுபடி ஆடியது. இன்னொருவர் எஞ்சினைத் தாங்கும் றப்பர் என்றார். பிரவீணனின் சிநேகிதன் ஒருவன் காரைப் பார்க்காமலே, தொலைபேசியில், பழைய கார் என்றால் அப்படித்தான் என்றான்.

அந்த நேரம்தான் அளவெட்டியிலிருந்து அழைப்பு வந்தது. நாதசுவரக் கலைஞர் சீவரத்தினம். மகள் சாருஜாவுக்குக் கலியாணம், மாலை வரவேற்புக்கு மூன்று தட்டுக் கேக் வேண்டும், உச்சியில் சீனியில் ஒரு நாதசுவரம் இருக்கவேண்டும். சுபாஜினி ஓம் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்த பிறகு குசினி வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தட்டு. அந்தக் காரில்.

அன்று பின்னேரம் முட்டை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. கேக் நடுவில் குழிந்துபோனால் அவள் என்ன செய்வாள்? ஒரே நேரத்தில் சூட்டையும் மாற்றி, மாவையும் மாற்றி, தட்டையும் மாற்றமாட்டாள். அப்படிச் செய்தால் சரிவந்தாலும் எதால் வந்தது என்று தெரியாது. ஒரு தரத்துக்கு ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பாள். இந்தக் காருக்கு அப்படி யாரும் செய்யவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பதிலோடு வந்தார்கள். நடுக்கம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை வல்லை வெளிக்குப் போவது என்று நினைத்தாள். வீடுவாசல் இல்லாத நேரான தெரு, இரண்டு பக்கமும் வெட்டை, காற்று மட்டும்தான் குறுக்கே வரும். பிரவீணன் வெங்காயம் கிண்டுகிற அவசரத்தில் இருந்தான். தனியாகப் போகத்தான் வெளிக்கிட்டாள். படலையடியில் தக்சாயினி கைப்பையோடு நின்றாள். நெல்லியடியில் பல்லு வைத்தியரிடம் போகவேண்டுமாம், பஸ் தவறிப்போய்விட்டதாம். இந்தக் காரில் ஏறுவது தனக்கு விருப்பமான விசயம் இல்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. முன் கதவைத் திறந்துவிட்டபோது வேண்டாம் என்று சொல்லிப் பின் இருக்கையில் ஏறினாள். ஏதும் நடந்தால் பின்னுக்கு இருப்பவர்தான் தப்புவார் என்பது அவளுடைய கணக்கு.

வல்லை வெளியில் வேகமானி அறுபதைத் தொட்டதும் ஸ்டியறிங் ஆடத் தொடங்கியது. சுபாஜினி அதைக் கவனித்தாள். எழுபதில் கூடியது. எண்பதைத் தாண்டியதும் குறைந்தது. மறுபடி வேகத்தைக் குறைத்து அறுபதுக்கு வந்ததும் திரும்ப வந்தது.

"மச்சாள், ஆடுறது தெரியுதே?" என்று கேட்டாள், கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல்.

"எது?"

"கார்."

"எனக்கு இஞ்சை ஒண்டும் ஆடேல்லை," என்றாள் தக்சாயினி. குறை சொல்ல வந்த இடத்தில் குறை கிடைக்காத ஏமாற்றம் அவளுடைய குரலில் இருந்தது.

சுபாஜினி மெல்லப் பிறேக் பிடித்தாள். கையும் காலும் அதிர்ந்தன. இப்ப எப்படி என்று கேட்டாள். இப்பவும் இருக்கை சும்மாதான் இருக்கிறது என்றாள் தக்சாயினி. காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டுச் சுபாஜினி திரும்பி மச்சாளைப் பார்த்த பார்வையில், தக்சாயினி தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னுக்கு இல்லையெண்டால் எல்லாம் முன்னுக்குத்தான்," என்றாள் சுபாஜினி. "இதை நான் தனிய இருந்து கண்டுபிடிச்சிருக்க ஏலாது."

தக்சாயினிக்கு இதில் தான் என்ன செய்தேன் என்று சரியாக விளங்கவில்லை. ஆனால் தான் சொன்ன ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெறுமதி கிடைத்துக் கனகாலம் ஆகியிருந்தது. பல்லு வைத்தியரிடமிருந்து திரும்பி வரும்போது, ஒரு பக்கக் கன்னம் விறைத்திருக்க, அவளாகவே கேட்டாள், இன்னொருக்கா ஓடிப் பார்க்கிறதில்லையோ என்று. பார்த்தார்கள். தெருவில் முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரம், கால் பிறேக்கைத் தொடாமல், கைப்பிறேக்கின் பொத்தானை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தாள் சுபாஜினி. அந்தக் காரில் கைப்பிறேக் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும். கார் ஒரு நடுக்கமும் இல்லாமல் வேகம் குறைந்தது. ஆகவே பின் பிறேக்கில் பிழை இல்லை. இதையும் தக்சாயினி பின்னுக்கிருந்து உறுதிப்படுத்தினாள், விறைத்த வாயால்.

அடுத்த நாள் முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றுவது என்று சுபாஜினி தீர்மானித்தாள். வேறு ஒன்றிலும் கைவைப்பதில்லை. மாமரத்துக்குக் கீழே ஜக்கை வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது தக்சாயினி வந்து சேர்ந்தாள். ஒரு ஜக்கும் ஒரு மேலதிகச் சில்லும்தான் இருந்தன. முன் சில்லைக் கழற்றி அந்த இடத்தில் மேலதிகச் சில்லைப் பூட்டி, பின் சில்லைக் கழற்றி அந்த இடத்தில் முன் சில்லைப் பூட்டி, பிறகு முன்னுக்கு வந்து பின் சில்லைப் பூட்டவேண்டும். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே. நட்டுகள் இறுகிக் கிடந்தன. சுபாஜினி தொங்கியும் அசையவில்லை. தக்சாயினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டுச் சட்டையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சாளின் தோளில் ஒரு கையை ஊன்றி, நட்டுச் சாவியின் மேல் ஏறி நின்றாள். நட்டு கிறீச்சென்று கத்திவிட்டு இளகியது. தன்னுடைய நிறை ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது இதுதான் முதல்தரம் என்றாள். சுபாஜினிக்கு வந்த சிரிப்பில் தோள் குலுங்க, தக்சாயினி விழப்பார்த்தாள்.

வல்லை வெளியில், அறுபதில், ஸ்டியறிங் அசையாமல் இருந்தது. சுபாஜினி மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மிதித்தாள். அப்போதும் அசையவில்லை. பின்னுக்கிருந்து சத்தம் வந்தது.

"நில்லும், நில்லும். இப்ப எனக்கு ஆடுது. இருக்கிற கதிரை முழுக்க ஆடுது."

"வடிவாச் சொல்லுங்கோ மச்சாள். எங்கை ஆடுது?"

"எங்கை எண்டு சபையிலை சொல்லேலாது," என்றாள் தக்சாயினி.

ஆட்டம் சில்லோடு சேர்ந்து பின்னுக்குப் போய்விட்டது. அப்படியென்றால் பிழை சில்லில். ஆனால் பிறேக் பிடித்தபோது ஸ்டியறிங் முன்னைப்போலவே கையில் படபடத்தது. அது சில்லோடு போகவில்லை. அந்த இடத்தில்தான் சுபாஜினிக்கு எல்லாம் வெளித்தது. இவ்வளவு நாளும் எல்லாரும் ஒரு வருத்தத்துக்கு மருந்து தேடினார்கள். இருந்தவை இரண்டு. ஒன்று, பிறேக்கைத் தொடாமலே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வருகிறது. மற்றது, எந்த வேகத்திலும், பிறேக்கைத் தொட்டால் மட்டும் வருகிறது. இரண்டும் ஒரே ஸ்டியறிங்குக்குள்ளால் வந்ததால் ஒன்றாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைத் தூக்கினார்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, கைப்பிறேக்கை விட்டு, இடப்பக்கச் சில்லைக் கையால் சுழற்றினாள் சுபாஜினி. செங்கல்லை அடுக்கி அதன்மேல் தன்னுடைய ஐசிங் கத்தியை வைத்து, அதன் நுனியைச் சில்லின் உள்பக்க இரும்பு விளிம்புக்கு மயிரிழை கிட்டக் கொண்டுபோனாள். கேக்கைச் சுழல்தட்டில் வைத்து ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அதே வழி. இடைவெளி மாறவில்லை. வலப்பக்கச் சில்லைச் சுழற்றியபோது, இடைவெளி விரிந்து, சுருங்கி, கத்தியில் கிறீச்சென்று உரசி, மறுபடி விரிந்தது. தக்சாயினி முழங்காலில் இருந்து குனிந்து பார்த்துவிட்டுத் தானும் ஒருதரம் சுழற்றினாள். பிறகு இன்னொருதரம். கழற்றிப் பார்த்தால், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில், எந்தக் காலத்திலோ எந்தக் குழியிலோ விழுந்து நெளிந்த அடையாளம். நெளிந்த சில்லுக்கு எவ்வளவு ஈயம் வைத்தாலும் அது வட்டமாக ஓடாது. மேலதிகச் சில்லை அந்த இடத்தில் பூட்டிக்கொண்டு மூன்றாவது தரமும் வல்லைக்குப் போனார்கள். ஸ்டியறிங்கும் ஆடவில்லை, இருக்கையும் ஆடவில்லை. வல்லைப் பாலத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர், ஒரே வெள்ளைக் கார் திரும்பத் திரும்ப வந்து போவதைப் பார்த்துக் கையைக் காட்டினார். தக்சாயினி யன்னலுக்குள்ளால் கையை நீட்டித் தானும் காட்டினாள்.

மீதி நடுக்கத்தைக் கதிரவேலுவிடம்தான் கொண்டுபோகவேண்டும். பிறேக்கில் கைவைக்குமளவுக்குச் சுபாஜினிக்கு விசர் இல்லை. இந்தமுறை தக்சாயினியோடு பிரவீணனும் வந்தான். மனைவியும் அக்காவும் சேர்ந்து மாமரத்துக்குக் கீழே கார் கழற்றுவதைப் பார்த்து இரண்டு நாளாக அவனுக்கு நித்திரை சரியாக இல்லை. தனக்குத் தெரியாமல் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று நினைத்தான். சுபாஜினி கதிரவேலுவிடம் நடந்ததை முறைப்படி சொன்னாள். வேகத்தில் வந்த ஆட்டம் சில்லு, அது முடிந்தது. பிறேக்கில் வருவது முன்பக்கம் மட்டும், காலுக்குள்ளும் அடிக்கிறது, கைப்பிறேக்குக்கு வருவதில்லை.

"இப்ப எல்லாரும் வருத்தத்தின்ரை பேரையும் சொல்லிக்கொண்டுதான் வருகினம்," என்றார் கதிரவேலு. கோபமில்லை, கொஞ்சம் குறும்பு. பிறகு அவர் ஐந்து காரையும் விட்டுவிட்டு இந்த ஒரு காரைப் பார்த்தார். முன் சில்லைக் கழற்றி, பிறேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் அளவுமானியைப் பொருத்தித் தட்டை மெல்லச் சுழற்றினார். முள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மற்றப் பக்கத்திலும் அப்படியே. ஒரு தட்டில் நீலம் பாரித்த திட்டுகள். அவள் சொன்னது சரி, தட்டு அலையடித்துப் போயிருக்கிறது, அதுதான் கட்டையைத் தள்ளித் தள்ளிக் காலுக்கு அடிக்கிறது என்றார். தான் மாற்றிய தண்டு முனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவே, அதுவும் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது என்றார். சுபாஜினி ஓம் என்றாள்.

"சூட்டோடை தண்ணி பட்டால் உப்பிடி வரும்," என்றார் அவர், தட்டைத் தடவிப் பார்த்தபடி. "நட்டை ஒருபக்கமா இறுக்கினாலும் வரும். எதெண்டு அறுதியாச் சொல்லேலாது. வெள்ளத்துக்கை ஓடினனீங்களோ?"

மழை பெய்தே மாதக்கணக்காகிறது என்றாள் சுபாஜினி. தக்சாயினி குனிந்து அந்த நீலத் திட்டுகளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். முற்றத்தில் நின்று அந்தக் காரின் ஒவ்வொரு வருகையையும் பார்த்தவள் அவள்தான். கார் வந்து நின்றதும் நிற்காததுமாக, தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, சில்லுகளில் ஒட்டிய செம்மண் போகத் தண்ணீர் அடிக்கிறவனையும், சில்லிலிருந்து ஆவி எழும்புவதையும் அவள்தான் கண்டவள்.

"தம்பி," என்றாள். "நீ பின்னேரத்திலை காருக்கு என்ன செய்யிறனி எண்டு கதிரவேலு அண்ணைக்குச் சொல்லு."

பிரவீணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது சிவந்தது. கார் வடிவாய் இருக்கவேணும் என்றுதான் கழுவினேன் என்றான். அக்கா விடவில்லை. பாவம், இந்தப் பிள்ளை கேக்கையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடுங்கி நடுங்கி ஓடியிருக்கும், தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கினவுடன் யாரும் தண்ணீரில் முக்குவார்களா என்று கராஜ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். 'இந்தப் பிள்ளை' என்று மச்சாள் தன்னைத்தான் சொல்கிறாள் என்பது சுபாஜினிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிரிப்பை அடக்க ஒரு தகரப் பீப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

தட்டுகளைக் கடைந்து சமப்படுத்த முடியுமா என்று கதிரவேலு அளந்து பார்த்தார். ஒன்று கடைந்தால் மெலிந்துபோகும், ஆபத்து என்றார். மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். கொழும்பிலிருந்து வரவேண்டும். கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் பெட்டி பஸ்ஸில் வந்திறங்கியது. கதிரவேலு சில்லுப் பூட்டுகிற முகப்பில் இருந்த துருக்கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, தட்டுகளையும் புதுக் கட்டைகளையும் பூட்டி, நட்டுகளை ஒன்றுக்கெதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பக்கத்தில் நின்ற தக்சாயினி, ஒன்று விட்டுப்போச்சு என்று ஒருமுறை சுட்டிக்காட்டினாள். உண்மையாகவே விட்டுப்போயிருந்தது. கேக்கை ஏற்ற முதல் வெறும் காரோடு போய், மெல்ல மெல்லப் பலதரம் பிறேக் பிடித்து, கட்டையைத் தட்டுக்குப் பழக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினார். வல்லைப் பாலத்துக்காரர் அன்றும் கையைக் காட்டினார்.

கலியாணத்தன்று பின்னேரம் மூன்று தட்டுக் கேக்கும் பின் இருக்கையில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு தக்சாயினி. அவளுக்கு யாரும் அழைப்புத் தரவில்லை. ஆனால் கேக்கை யார் பிடிப்பது? புத்தூரிலிருந்து சுன்னாகம் வரை கார் சத்தமில்லாமல் ஓடியது. ஸ்டியறிங் கையில் இருப்பதே தெரியவில்லை. அப்படி இருந்தும் சுபாஜினியின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன, நடுக்கம் எங்கேயோ ஒளிந்து நிற்கிறது, வரும் என்பதுபோல.

சுன்னாகச் சந்தையடியில், வாழைக்குலை ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் சைகை ஒன்றும் காட்டாமல் முன்னால் திரும்பியது. சுபாஜினி யோசிக்கவில்லை. கால் தானாகவே போய் மிதித்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, நேராக, ஒரு துள்ளலும் இல்லாமல் நின்றது. காலுக்குக் கீழே ஒன்றும் அடிக்கவில்லை. பின்னுக்கு ஒரே அமைதி. அவளுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மச்சாள்?"

"நாதசுவரம் நிக்குது," என்றாள் தக்சாயினி. இரண்டு கையாலும் கேக் பலகையைக் கட்டிப்பிடித்திருந்தாள். கன்னத்தில் ஒரு ஐசிங் பூ ஒட்டியிருந்தது. "ஒரு பூவைத்தான் காணேல்லை. நீர் ஓடும், ஓடும். நேரம் போகுது."

அளவெட்டி மண்டப வாசலில் மேளச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மணமகள் வீட்டார் எல்லாரும் வாத்தியக்காரர், வந்த விருந்தாளிகளில் பாதியும் வாத்தியக்காரர். கேக்கை மேசையில் வைத்ததும் சீவரத்தினம் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உச்சியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கூட வந்த தவில்காரரும் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, நல்ல வடிவாக் கிடக்கு," என்றார் சீவரத்தினம் கடைசியில். "துளையெல்லாம் சரி. கீழை விரிஞ்ச அணசும் சரி. ஆனால் சீவாளி இல்லையே. என்னெண்டு ஊதுறது?"

குழலின் உச்சியில் வாய் வைத்து ஊதுகிற அந்தச் சின்ன நாணல் துண்டைச் செய்ய அவள் மறந்துவிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்தவள், அதன் நுனியைப் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்க முன், தக்சாயினி தன் கன்னத்தில் இருந்த ஐசிங் பூவை எடுக்கப் போனாள். சுபாஜினி அவளுடைய கையைப் பிடித்துத் தடுத்து, கைப்பெட்டியிலிருந்து மிச்சச் சீனிமாவை எடுத்துக் கிள்ளிக் கொடுத்தாள். தக்சாயினி அதை விரல்களுக்கிடையில் வைத்துத் தட்டையாக்கி, நுனியை விரித்து, தவில்காரர் இன்னும் கொஞ்சம் மெல்லிசு என்று சொல்லச் சொல்ல இழைத்து, உச்சியில் ஒட்டினாள். சீவரத்தினம் மறுபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இப்ப ஊதலாம்," என்றார்.

இரண்டு பேரையும் சாப்பிடாமல் போகவிடவில்லை. முன்வரிசையில் இருத்தினார்கள். கேக் வெட்டும்போது மணமகள் சாருஜா நாதசுவரத்தை உடைக்க மனம் வராமல் அதைத் தனியாக எடுத்து ஒரு தட்டில் வைத்துத் தகப்பனிடம் கொடுத்ததைச் சுபாஜினி பார்த்தாள். தக்சாயினி பக்கத்திலிருந்த பெண்ணிடம், மூன்று தட்டுக் கேக்கைக் காரில் ஏற்றினால் பிறேக் எப்படிப் பிடிக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது அவள் முன் இருக்கையில் ஏறி, காலணிகளைக் கழற்றிவிட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மல்லாகம் தாண்டும்போது சுபாஜினியின் தொலைபேசி அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள் அதை மச்சாளிடம் நீட்டினாள். பருத்தித்துறையிலிருந்து யாரோ. தக்சாயினி கேட்டாள், ஓம் என்றாள், எத்தனை தட்டு என்றாள், என்ன நிறம் என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அதைப்பற்றி யோசிக்காதேங்கோ, நாங்களே காரிலை கொண்டுவந்து தருவம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கொஞ்சத் தூரம் போன பிறகுதான் சுபாஜினி கேட்டாள்.

"எப்ப வேணுமாம்?"

"நாளையிண்டைக்கு," என்றாள் தக்சாயினி. "வீட்டிலை முட்டை கிடக்கே, இல்லாட்டி உந்தக் கடையடியிலை நிப்பாட்டும், வாங்கிக்கொண்டு போவம்."

சுபாஜினி பிறேக்கை மிதித்தாள். கார் ஒரு சத்தமும் இல்லாமல் கடையடியில் போய் நின்றது.